டீ.பி. இல்லையாம்

பேத்தி பிறந்து நாலு மாதமாகியும் ஜோசபின் அவளைத் தொட்டதில்லை. பிள்ளையின் அழுகையை வைத்தே எல்லாம் தெரிந்துகொள்வாள். பசி அழுகை சன்னமாகத் தொடங்கி மெல்ல ஏறும். வயிற்றுவலி என்றால் எடுத்த எடுப்பிலேயே வீறிடும். சாய்ப்பில் படுத்தபடியே மருமகளுக்குக் குரல் கொடுப்பாள்.

"ஏட்டி ஜான்சி, பிள்ளைக்கு வயித்துல காத்து நிக்கு. தோள்ல போட்டுத் தட்டு."

அதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை மூச்சு வாங்கிவிடும்.

மராத்தி பேசும் ஊரான போபோடியில் ரயில் பாதையை ஒட்டிய சந்தில் இருந்தது அந்த வீடு. முன்னால் ஒரு அறை, நடுவில் அடுக்களை, பின்னால் தண்டவாளத்தைப் பார்த்து இறக்கிய சாய்ப்பு. மூன்றுக்கும் மேலே சிமெண்ட் ஷீட்டு. அங்குள்ளவர்கள் பத்ரா என்பார்கள். சந்தில் எல்லா வீட்டுக்கும் அதுதான் கூரை. லோனாவாலா லோக்கல் கடக்கும்போதெல்லாம் அது லேசாக அதிரும். சாய்ப்பில்தான் ஜோசபினின் கட்டில், அவளுக்கென்று ஒதுக்கிய தட்டு, தம்ளர், எச்சில் துப்பச் சாம்பல் போட்ட டப்பா எல்லாம். சாய்ப்புக்கும் அடுக்களைக்கும் நடுவே பழைய சேலை ஒன்று திரையாகத் தொங்கியது. கட்டியவள் ஜான்சி. கட்டச் சொன்னது அவளுடைய அம்மா ஹெலினா.

ஹெலினா ஹடப்சரில் இருந்தாள். ஞாயிறு பூசை முடிந்ததும் பஸ் பிடித்து வந்துவிடுவாள். வாசலைத் தாண்டி உள்ளே வரமாட்டாள். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு படியிலேயே நின்று பேசுவாள்.

"நான் ஒண்ணும் குத்தமாச் சொல்லல சம்பந்தி. சீக்கு யாருக்கும் வரும். ஆனா பச்சப்பிள்ள இருக்கிற வீடு பாத்துக்கிடுங்க. எங்க வீடு மூணாம் மாடி, காத்தோட்டமா இருக்கு. பிள்ளையும் தாயும் ஒரு வருசம் அங்க இருக்கட்டும்."

ஜோசபினின் புருஷன் லூர்துசாமி தலையைச் சொறிவார். ராணுவ மெஸ்ஸில் ஆயுசு முழுக்கச் சமையல் பார்த்து ஓய்வு பெற்றவர். யாரிடமும் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை திரைக்குப் பின்னாலிருந்து ஜோசபினே பேசினாள்.

"நான் வேணும்னா தண்டவாளத்துப் பக்கம் போய்ப் படுத்துக்கிடுதேன். பிள்ளைய மட்டும் கொண்டு போயிராதிய. மொகத்தத்தான் பாக்க விடல. சத்தத்தையாவது கேட்டுக்கிடுதேன்."

அதற்குப் பிறகு ஹெலினா கொஞ்ச நாள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

நாலு வருஷத்தில் இரண்டு தடவை டீ.பி. மாத்திரைகளை முழுசாகத் தின்று முடித்திருந்தாள் ஜோசபின். சளியைச் சோதித்தால் ஒன்றுமிருக்காது. நெஞ்சுப் படத்தில் மட்டும் கறை தெரியும். "டீ.பி.தான்" என்பார் சந்துமுனை டாக்டர். மாத்திரை போட்ட நாளெல்லாம் மூத்திரம் செம்பருத்திப் பூவைக் கசக்கியது மாதிரி போகும். வாயில் எது வைத்தாலும் இரும்புக் கசப்பு. லூர்துசாமி அவளுக்கென்று குருணைக் கஞ்சி காய்ச்சி, நெத்திலிக் கருவாட்டைச் சுட்டு ஓரத்தில் வைத்துத் திரைக்கடியில் தள்ளிவிடுவார்.

"ஏளா, ரெண்டு வாயாவது குடி. ஒனக்காக வெங்காயம் வதக்கிப் போட்டிருக்கேன்."

"கஞ்சிய முழுங்குததுக்குள்ள மூச்சு முட்டுது. நான் என்ன செய்ய?"

இருமல் குறையவில்லை. முதலில் தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் மூச்சு வாங்கியது. அப்புறம் நடந்தால் வாங்கியது. இப்போது சேலை கட்டினாலே வாங்கியது. மே மாதக் கடைசியில் ஒரு நாள் உதடு நீலம் பாரித்துப் போக, லூர்துசாமி பயந்துபோய் ஆட்டோ பிடித்து அவளைப் பெரிய தவாகானா என்கிற சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

அங்கே இரண்டு நாள் வைத்திருந்து சுரங்கம் மாதிரியான மிஷினுக்குள் படுக்கவைத்துப் படமெடுத்தார்கள். மூன்றாம் நாள் ஒரு பெண் டாக்டர் வந்தாள். சின்ன வயசு. வந்தவள் ஜோசபினின் கையை எடுத்து விரல் நுனிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நகத்தடியில் சதை உருண்டு வீங்கியிருந்தது. பிறகு முதுகில் குழலை வைத்து வெகுநேரம் கேட்டாள்.

"என்ன வேலை பார்த்தீங்க?" என்று இந்தியில் கேட்டாள்.

"வீட்டு வேலதான் மேடம்" என்றார் லூர்துசாமி.

"அவங்களே சொல்லட்டும்."

ஜோசபின் நிமிர்ந்து பார்த்தாள். இந்த நாலு வருஷத்தில் அவளிடம் எச்சிலைக் கேட்டார்கள், ரத்தத்தைக் கேட்டார்கள், ஆதார் அட்டையைக் கேட்டார்கள். வேலையை யாரும் கேட்டதில்லை.

"தாபோடியில கயிறு கம்பெனி. பாய்லர் கதவுக்குச் சுத்துத வெள்ளக் கயிறு. இருபது வருசத்துக்கு மேல பாத்தேன். கம்பெனிய மூடுத வரைக்கும்."

"கயிறு எதில் செய்வீங்க?"

"மூட்டையில பஞ்சு வரும். கட்டி கட்டியா இருக்கும். கம்பால அடிச்சு உதுத்து, மிஷின்ல போட்டுத் திரிக்கணும். தீயில போட்டாலும் எரியாது அந்தப் பஞ்சு."

"மூக்கில் ஏதாவது கட்டிக்குவீங்களா?"

"முந்தானையக் கட்டுனோம். அதுக்குள்ள வேர்த்து மூச்சு முட்டும். மேஸ்திரி மொக்காதம் வேற, கல்யாணப்பொண்ணு மாதிரி மூடிக்கிட்டு நிக்கியளேன்னு சிரிப்பாரு. அப்புறம் அவுத்துட்டோம்."

டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவசரப்படாமல் சொன்னாள். அது பஞ்சு இல்லை, கல்நார். கண்ணுக்குத் தெரியாத ஊசி ஊசியாக மூச்சோடு உள்ளே போகும். போனது வெளியே வராது. அது குத்திக் குத்தி நுரையீரல் தழும்பு விழுந்து தோல் மாதிரி இறுகிப்போயிருக்கிறது. இது டீ.பி. இல்லை. முதலிலிருந்தே டீ.பி.யாக இருந்திருக்காது.

"டீ.பி. இல்லையா?" என்று எழுந்துவிட்டார் லூர்துசாமி. "அப்ப ஒட்டாதா மேடம்?"

"ஒட்டாது."

"பேத்தியத் தூக்கலாமா?"

"தாராளமாகத் தூக்கலாம்."

லூர்துசாமி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். கண்ணில் நீர் வந்துவிட்டது. மகனுக்கு ஃபோன் போடுகிறேன் என்று தாழ்வாரத்துக்கு ஓடினார். மீதியைக் கேட்க ஜோசபின் மட்டும்தான் இருந்தாள்.

"மருந்து உண்டுமா?" என்று கேட்டாள்.

டாக்டர் கழுத்துக் குழலைக் கழற்றி மடியில் வைத்தாள். "இருமலுக்குத் தரலாம். மூச்சு ரொம்பக் கஷ்டமானால் ஆக்சிஜன் வைக்கலாம். இறுகினது இளகாது அம்மா. பொய் சொல்ல விரும்பலை."

"கூடுமா?"

"கூடலாம். சில பேருக்குப் பின்னாடி புற்றாகவும் மாறும். அதனால் விடாமல் வரணும். கூட வேலை பார்த்தவங்களையும் வரச்சொல்லுங்க. அப்ப வீட்டில் சின்னப்பிள்ளை இருந்ததா?"

ஜோசபின் தாழ்வாரத்தைப் பார்த்தாள். "ஒரே பையன். வீட்டுல பாத்துக்க ஆளில்லன்னு நாலஞ்சு வயசு வரைக்கும் கம்பெனிக்கே கொண்டுபோவேன். மூட்டை மேலதான் தூங்குவான்."

"அவரையும் ஒரு படம் எடுத்துப் பார்க்கணும். இப்ப ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். இது இருபது முப்பது வருஷம் பதுங்கியிருந்து வரும். வருஷாவருஷம் பார்த்துக்கிட்டால் நல்லது." எழுந்தவள் நின்று கேட்டாள். "வீட்டுக் கூரை என்ன?"

"சிமெண்ட் பத்ரா."

"அதிலும் இதுதான் கலந்திருக்கு. முழுசாக இருக்கிற வரைக்கும் அவ்வளவு பயமில்லை. அறுத்தால், துளை போட்டால், உடைத்தால்தான் தூசி கிளம்பும். பக்கத்தில் குழந்தையை வைக்கவே கூடாது."

திரும்பி வரும் ஆட்டோவில் மகனைப் பற்றி டாக்டர் சொன்னதைப் புருஷனிடம் சொன்னாள் ஜோசபின். லூர்துசாமியின் முகம் கொஞ்ச நேரம் தொங்கியது.

"இப்பத்திக்கு அவன்ட்ட சொல்லாத" என்றார். "ஹோட்டல்ல வருசாவருசம் மெடிக்கல் டெஸ்டு பாக்கான். பயந்துகிட்டே போனா பிரஷர் ஏறிரும். நல்ல செய்தி ஒண்ணு வந்திருக்கு. அத மொதல்ல கொண்டாடுவோம்."

அன்று சாயங்காலம் கிர்க்கி பஜாரில் பேடா வாங்கிவந்து சந்து முழுக்கக் கொடுத்தார். "டீ.பி. இல்லையாம்! பெரிய தவாகானாவுல சொல்லிட்டாவ!" என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னார். மராத்திக்காரர்கள் வீட்டில் மராத்தியில் சொன்னார். மகன் தினேஷ் விமான் நகர் ஹோட்டலிலிருந்து யூனிஃபார்மோடு அப்படியே வந்துவிட்டான். அவனுக்கு அங்கே அறை சுத்தம் செய்யும் பிரிவில் வேலை. வந்ததும் திரைச்சேலையை ஒரே இழுப்பில் இழுத்துக் கிழித்தான்.

"கதம்! முடிஞ்சிருச்சு மா. இனி நீ முன்னாடிதான் படுக்க."

ஜான்சி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஜோசபினின் மடியில் வைத்தவள், அப்படியே தரையில் உட்கார்ந்து அவள் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

"என்னய மன்னிச்சிருங்க அத்தே. அம்மா சொல்லச் சொல்ல பயந்துட்டேன்."

"எந்திட்டி. பச்ச ஒடம்புக்காரி. பிள்ளைக்காகத்தான பயந்த?"

பிள்ளை கனத்தது. தலையிலிருந்து தேங்காயெண்ணெயும் பாலும் கலந்த வாசம் வந்தது. ஜோசபினின் மூக்குத்திக்கு அது கையை நீட்டியது. தோளில் போட்டு இரண்டு எட்டு நடக்க ஆசைப்பட்டு எழுந்தாள். எழுந்த வேகத்திலேயே மூச்சு அடைத்து மறுபடி உட்கார்ந்துவிட்டாள். யாரும் அதைக் கவனிக்கவில்லை. லூர்துசாமி அடுக்களையில் ஆட்டுக்கறிக்கு மசாலா வறுத்துக்கொண்டிருந்தார். நெடி ஏறி ஜோசபின் இருமியபோது, "இது மிளகா இருமல்!" என்று சொல்லிச் சிரித்தான் தினேஷ்.

சாப்பாட்டுக்குப் பின் அவள் சொல்லிப் பார்த்தாள். "கொணமாகுத சீக்கு இல்லையாம்ல. டீ.பி.ன்னாக்கூட மாத்திரைக்குக் கேட்டிருக்கும்."

"எம்மா, நல்ல நாளும் அதுவுமா என்ன இது? டீ.பி. இல்லல்ல? பஸ், போதும்" என்றான் தினேஷ்.

அதற்கப்புறம் வந்த நாட்களில் ஜோசபின் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே பிள்ளைக்குக் காலை நீவிவிட்டாள், பவுடர் போட்டாள், நகம் வெட்டினாள். ஜான்சி தண்ணீர் விட, இவள் கால்நீட்டிப் போட்டுக் குளிப்பாட்டினாள். நெஞ்சுக்குள் சருகை மிதிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டேயிருந்தது. பிள்ளை சிரிக்கும்போது மட்டும் அது அவளுக்குக் கேட்காது.

டாக்டர் சொன்ன இன்னொரு வேலை பாக்கி இருந்தது. எதிர்வரிசையில் நாலு வீடு தள்ளி ஜமீலா இருந்தாள். ஆம்பூர்க்காரி. கயிறு கம்பெனியில் ஜோசபினுக்கு எதிர் மிஷினில் நின்றவள். மதியத்தில் இவள் புளிச்சோறும் அவள் பாக்ரி ரொட்டியுமாக மாற்றிச் சாப்பிட்டவர்கள். டீ.பி. என்று தெரிந்த நாளிலிருந்து ஜமீலா இந்த வாசலை மிதிக்கவில்லை. பேடாவை வாங்கி ஜன்னல் விளிம்பில் வைத்தவள், தின்னவுமில்லை.

இரண்டு இடத்தில் உட்கார்ந்து ஆறி, ஜமீலாவின் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தாள் ஜோசபின். ஜமீலா வெந்தயக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"வாக்கா. குந்து. அப்ப இன்னா நோவுன்னு சொல்றாங்க?"

"அந்தப் பஞ்சுதானாம் ஜமீலா. நம்ம அடிச்ச தூசி. உள்ள போயி குத்திக்கிட்டு நிக்காம்."

ஜமீலாவின் கை நின்றது. "நானுந்தானே அடிச்சேன்?"

"அதான். ஒன்னையும் வரச் சொன்னாவ அந்த டாக்டரம்மா. ஒரு படம் எடுத்துட்டா என்ன ஏதுன்னு தெரிஞ்சுரும். வா, ரெண்டு பேருமாப் போவோம்."

ஜமீலா கீரைக்கட்டை அப்பால் வைத்தாள். வாசலுக்கு வெளியே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துப் பேசினாள்.

"யக்கா, உனுக்கு டீ.பி. அத்தோட வுட்டுடு. டீ.பி.ன்னா அது உன்னோட போச்சி. இத்துன்னு சொன்னியானா எனுக்கும் கீதுன்னு ஆவுது. ஸ்டேஷன் படி ஏறச்சொல்ல எனுக்கும் மூச்சு இழுக்குதுதான். வயசாய்ப் போச்சின்னு நெனச்சிக்கினு கீறேன். அப்டியே நெனச்சிக்கினு போய்ச் சேந்துடறேன்."

"பாக்காம இருந்தா வராமப் போயிருமாட்டி?"

"பாத்தா போய்டுதா? உனுக்குப் போச்சா? மருந்து குட்த்தாங்களா?"

ஜோசபின் சிதறிக் கிடந்த கீரைத் தண்டுகளைப் பொறுக்கிக் கட்டோடு வைத்தாள்.

"எந்திரி. எம் மருமவ வர்ற நேரம்" என்றாள் ஜமீலா. "உன்ன இங்க பாத்தா பினாயில் ஊத்திக் கழுவுவா."

ஜூன் மாத மழை அந்த வாரமே பிடித்துக்கொண்டது. முதல் மழையிலேயே முன்னறைக் கூரையில் விரிசல் விட்டு, தொட்டிலுக்கு நேர்மேலே சொட்டியது. தினேஷ் வாளி வைத்தான், தார்ப்பாய் விரித்தான். காற்று அதைத் தூக்கி எறிந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக்கூடப் போகாமல் டெம்போவில் பழைய ஷீட்டுகளைக் கொண்டுவந்து இறக்கினான். எங்கேயோ இடித்த ஷெட்டிலிருந்து கழற்றியது, பாதி விலைக்குக் கிடைத்தது என்றான்.

"நல்ல மஜ்பூத் மால்பா, கெட்டியா இருக்கு. தட்டிப் பாரு, சத்தம் எப்படி வருது!"

லூர்துசாமி தட்டிப் பார்த்துத் தலையாட்டினார். இருவருமாக விரிசல் விட்ட பழைய ஷீட்டைக் கழற்றிக் கீழே போட்டார்கள். அது விழுந்து நாலு துண்டாகச் சிதறியது. முன்னறைக்கு மேலே வானம் தெரிந்தது. மேற்கே கருமேகம் திரண்டு வந்துகொண்டிருந்தது. புது அளவுக்கு அறுக்க தினேஷ் வாசலில் ஷீட்டைச் சாய்த்துவைத்து, இரவல் வாங்கிவந்த கட்டர் மிஷினைப் போட்டான்.

ஜோசபின் அடுக்களையில் நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். கூரையைக் கழற்றியதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. மிஷினின் கிறீச்சென்ற சத்தம் கேட்டு எழுந்து வந்தாள். வாசலெல்லாம் வெள்ளைப் புகை. புகைக்கு நடுவில் மகன். கதவடியில் பிள்ளையை இடுப்பில் வைத்து வேடிக்கை காட்டிக்கொண்டு ஜான்சி. பிள்ளையின் தலைமயிரில் மாவு உதிர்ந்தாற்போல் படிந்திருந்தது.

"ஏல, நிறுத்து" என்றாள். குரல் மிஷினைத் தாண்டவில்லை. இன்னொரு தடவை கத்த நெஞ்சில் காற்றில்லை. வாசல் ஓரத்தில் இருந்த வாளியைத் தூக்கித் தண்ணீரை ஷீட்டின் மேல் வீசினாள்.

தினேஷ் மிஷினைக் கீழே போட்டுவிட்டுத் துள்ளி விலகினான். "கரண்ட் மா! பாகல் ஆயிட்டியா, பைத்தியமா? என்னய சாகடிக்கப் பாக்கியா?"

"நீ சாகக்கூடாதுன்னுதாம்ல..." நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூச்சு திரும்ப வெகுநேரமானது. சந்தில் ஆட்கள் கூடிவிட்டார்கள். "ஜான்சி, பிள்ளைய உள்ள கொண்டு போ. சாய்ப்புக்குப் போ. தலைய ஈரத்துணியால தொடச்சு விடு."

"என்ன தமாஷா பண்ணுதே? மழை வருது, வீடு தெறந்து கெடக்கு" என்றான் தினேஷ்.

"அதே தூசிதாம்ல இது. என் நெஞ்சுல இருக்குதே, அதே சவம்தான் இதுலயும் இருக்கு. டாக்டரம்மா சொன்னா."

"எல்லா வீட்லயும்தான் பத்ரா இருக்கு. எல்லாரும் செத்தா போயிட்டாங்க?"

"கெடந்தா ஒண்ணும் செய்யாதாம். அறுத்தாத்தான் கெளம்புமாம்." நிறுத்தி மூச்சு இழுத்தாள். இனிமேல் மறைக்க முடியாது என்று தோன்றியது. "ஒனக்கும் படம் எடுக்கணும்னா. கைப்பிள்ளையில ஒன்னய கம்பெனிக்குக் கொண்டு போவேன். பஞ்சு மூட்டை மேலதான் தூங்குவ. மெத்துன்னு இருக்கும், எந்திக்கவே மாட்ட. கிறிஸ்மசுக்குப் பனின்னு சொல்லி அத அள்ளிட்டு வருவேன். நீதான குடில்ல தூவுவ. வாயால ஊதி ஊதி வெளையாடுவ. தெரியாதுல மக்கா. யாரும் சொல்லல."

தினேஷ் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டான். புருவத்திலும் மீசையிலும் வெள்ளை படிந்து, அந்த நேரத்தில் அவனைப் பார்த்தால் கிழவன் மாதிரி இருந்தது.

"எப்பச் சொன்னாங்க இத?"

"அன்னைக்கே."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

ஜோசபின் புருஷனைப் பார்த்தாள். லூர்துசாமி தரையைப் பார்த்தார். தினேஷுக்குப் புரிந்துவிட்டது.

"ரெண்டு பேரும் சேந்து எனக்குப் பேடா குடுத்தீங்க" என்றான்.

பெரிய துளியாக ஒன்றிரண்டு விழத் தொடங்கியது. அவன் வானத்தைப் பார்த்தான். திறந்து கிடக்கிற முன்னறையைப் பார்த்தான். உள்ளே தொட்டில், அரிசி மூட்டை, டீ.வி.

"நான் படமும் எடுக்கல, ஒண்ணும் எடுக்கல" என்றான். "படத்துல என்னமாச்சும் தெரிஞ்சா அடுத்த மாச மெடிக்கல்ல என்னய நிப்பாட்டிருவான். இப்ப இத மூடணும். வேற என்ன செய்யச் சொல்லுதே? தகரம் வாங்கப் போனா கடை சாத்தியிருப்பான். சொல்லு மா, என்ன செய்யட்டும்?"

ஜோசபின் சாய்த்து வைத்திருந்த ஷீட்டைப் பார்த்தாள். "கை ரம்பத்தால அறு. தண்ணி விட்டுவிட்டு அறு" என்றாள்.

"அதுக்கு ராத்திரியாயிரும். மேல போல்ட்டுக்குத் துளை போடணும், அதுக்கு ட்ரில்தான்." கைக்குட்டையை எடுத்து மூக்கில் கட்டிக்கொண்டான். "பிள்ளைய வச்சுக்கிட்டுப் பின்னால இருங்க. ஒரு மணிநேர வேலை."

பின்னால் என்றால் சாய்ப்பு. முன்னறைக்கும் அதற்கும் நடுவில் கதவுகூடக் கிடையாது. ஜோசபின் சாய்ப்புக்குப் போனாள். ஜான்சி பிள்ளையின் தலையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள் என்று முகத்திலேயே தெரிந்தது.

"ஒரு பைய எடு" என்றாள் ஜோசபின். "பிள்ளைக்குத் துணி, பால்புட்டி, மருந்து எல்லாம் எடுத்து வை. ஒங்கம்மா வீட்டுக்குப் போ."

"அத்தே?"

"கான்கிரீட் வீடு. காத்தோட்டமா இருக்குன்னாவல்லா. போ."

"இப்பத்தான் பிள்ள ஒங்ககிட்ட ஒட்டிச்சு. நான் போனா சந்துல என்ன சொல்லுவாவ? பழையபடி ஒங்களுக்கு டீ.பி.ன்னு சொல்லுவாவ அத்தே."

"சொல்லட்டும்."

"நீங்களும் வாங்க. எங்கம்மாட்ட நான் சொல்லுதேன்."

"ஒங்கம்ம வீட்டுக்கு மூணு மாடி ஏறணும்ட்டி. நான் ஒரு மாடி ஏற மாட்டேன்." பையை அவளே எடுத்துத் துணிகளைத் திணித்தாள். "எம்பிள்ளைய அந்த மூட்டையில போட்டேன். அப்ப எனக்குச் சொல்ல ஆளில்ல. இப்பத் தெரிஞ்சுக்கிட்டு இவள இங்கன வச்சிருக்கச் சொல்லுதியா? கூரைய மூடி, எல்லாத்தையும் கழுவித் தொடச்சு, நான் சொல்லுத வரைக்கும் வராத. தினேஷு வந்து கூப்பிட்டாலும் வராத."

பின்பக்கத்து வழியாகத் தண்டவாள ஓரமாகவே நடந்து ரோட்டுக்கு வந்தார்கள். ஜோசபின் பிள்ளையைக் கேட்டு வாங்கவில்லை. தூக்கிக்கொண்டு நடக்க முடியாது என்று தெரியும். குடையை மட்டும் அதன் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, நின்று நின்று கூடவே போனாள். ஆட்டோ வந்தது. ஜான்சி ஏறி உட்கார்ந்த பிறகுதான் குனிந்து பிள்ளையின் உள்ளங்காலில் முத்தம் கொடுத்தாள். பிள்ளை அவள் மூக்குத்தியைப் பிடிக்கக் கையை நீட்டியது.

"போப்பா, ஹடப்சர்" என்று ஆட்டோக்காரனிடம் இந்தியில் சொன்னாள்.

கூரையிலிருந்து தினேஷ் பார்த்துவிட்டான். ட்ரில்லை நிறுத்தி, "அவ எங்க போறா?" என்று கத்தினான்.

"ஒங்கம்மைதான் அனுப்பிட்டா" என்றார் லூர்துசாமி, கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு.

ட்ரில் சத்தம் மறுபடி தொடங்கியது. முன்னைவிட வேகமாக இருந்தது.

இருட்டுவதற்குள் கூரை மூடியாயிற்று. மழை கொட்டியது. முன்னறையில் ஒரு சொட்டு விழவில்லை. தினேஷ் குளித்துவிட்டு, சாப்பிடாமல், தாயின் முகத்தைப் பார்க்காமல் வேலைக்குக் கிளம்பிப் போனான். வீடு முழுக்க, தொட்டில் சேலையில், சட்டியில், மாதா சுரூபத்தின் தலையில் எல்லாம் வெள்ளையாகப் படிந்திருந்தது. லூர்துசாமி விளக்குமாற்றை எடுத்தார்.

"கூட்டாதிய. பறக்கும்" என்றாள் ஜோசபின். "ஈரத்துணிய வச்சுத்தான் தொடைக்கணும்."

"நீ உக்காரு. நான் செய்யுதேன்."

"ஒங்களுக்கு நெஞ்சு நல்லாருக்கு. நீங்க வெளிய நில்லுங்க. எனக்கு இனி என்ன போவப் போவுது?"

சேலை முந்தானையை மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். ஒரு சாண் துடைத்தாள், துணியைப் பிழிந்தாள், சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினாள். மறுபடி ஒரு சாண்.

மழை கொஞ்சம் விட்டதும் சந்துக் குழாயில் தண்ணீர் வந்தது. பெண்கள் குடத்தோடு கூடினார்கள். ஜமீலாவின் குரல் சுவரைத் தாண்டித் தெளிவாகக் கேட்டது.

"டீ.பி. இல்லன்னு பேடா குட்த்துட்டா ஆய்டுமா? மருமவ ஏன் மழையில கொயந்தைய இட்னு பின்பக்கமா ஓடுறா? டீ.பி.யேதான். அல்லா மேல ஆணை, டீ.பி.யேதான்."

லூர்துசாமிக்குக் கோபம் வந்து ஜோசபின் பார்த்ததில்லை. அன்றைக்கு வந்தது. "நான் போயி நாலு வார்த்தை கேட்டுட்டு வாரேன்" என்று செருப்பைத் தேடினார்.

"விடுங்க. அவ சொல்லிக்கிட்டுப் போட்டும்" என்றாள்.

வெளியே ஜமீலா குடத்தைத் தூக்கியிருக்க வேண்டும். பேச்சு பாதியில் நின்று இருமல் வந்தது. சளியில்லாத, வறண்ட, அடுக்கடுக்கான இருமல். குடத்தை டங்கென்று இறக்கி வைக்கிற சத்தமும் கேட்டது.

ஜோசபின் வாளியில் துணியை முக்கிப் பிழிந்தாள். தொட்டிலுக்குக் கீழே இன்னும் துடைக்க வேண்டியிருந்தது.